டாஸ்மேனியா பூஜ்யத்துக்கும் கீழே என்றால், என் காரின் புகை யார் கணக்கில்?

பர்னி_பால்காரர் கேட்டது:

வணக்கம். ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில், பர்னி என்ற துறைமுக ஊரில் இருக்கிறேன். பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில். இங்கே ஒரு பால் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. லாரியில் வரும் பாலை மோந்து, அளந்து, சோதித்து, 'இறக்கலாம்' அல்லது 'திருப்பி அனுப்பு' என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பருவநிலை பற்றி எனக்குத் தெரிந்தது செய்தித்தாள் அளவுதான். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது ஒரு சிறுபிள்ளையின் கேள்விதான்.

மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் நம் ஊர்ப் பட்டிமன்றம் மாதிரி ஒன்று நடக்கப்போகிறது. 'டாஸ்மேனியா தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது' என்பது தலைப்பு. இவளுக்கு எதிரணி. மாநில அரசின் உமிழ்வுக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அதைத் தள்ளிவிட்டு, "அப்பா, பேசுவதற்கு முன்னாலேயே நான் தோற்றுவிட்டேன்" என்றாள். பார்த்தால், 2022-ஆம் ஆண்டின் நிகர உமிழ்வு, அதாவது காற்றில் விட்ட பசுங்குடில் வாயுவில் காடு உறிஞ்சியதைக் கழித்த மிச்சம், மைனஸ் 43.4 லட்சம் டன் என்று போட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு மைனஸ் 48 லட்சம். பூஜ்யம்கூட இல்லை, பூஜ்யத்துக்கும் கீழே!

நான் கண்ணால் பார்ப்பதோ வேறு. விடியற்காலை நாலரை மணிக்கு வண்டியை எடுக்கிறேன். வேலைக்குப் போக நாற்பது கிலோமீட்டர், திரும்ப நாற்பது. வழி நெடுக எதிரே வருவது பால் லாரியும் மரம் ஏற்றிய லாரியும்தான், எல்லாம் டீசல். தொழிற்சாலையில் பாலைப் பொடியாக்கும் கொதிகலன் இரவு பகலாக எரிகிறது. ஸ்மித்டன் பக்கம் போனால் மனிதரைவிட மாடுகள் அதிகம். அவை அசைபோட்டு ஏப்பம் விடுவதும் கணக்கில் சேரும் என்று படித்திருக்கிறேன். பர்னி துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருக்கும் மரச்சில்லுக் குவியலை நீங்கள் பார்க்க வேண்டும். நம் ஊரில் நெல்லை அம்பாரமாகக் குவிப்போமே, அதைப்போல இருபது முப்பது மடங்கு. வெட்டிய மரம் அத்தனையும் மலையாகக் கிடக்க, அந்தக் காடே எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது என்றால் எப்படி நம்புவது?

அதே அறிக்கையில் 'மொத்தம்' என்று இன்னொரு எண் இருக்கிறது என்கிறாள் மகள். சம்பளச் சீட்டில் மொத்தம், பிடித்தம், கைக்கு வருவது என்று இருப்பது எனக்குப் புரியும். இதிலே பிடித்தம் மொத்தத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே! அப்படியொரு சம்பளத்தை நான் கேள்விப்பட்டதில்லை. எந்த எண் உண்மை? அரசு பொய் சொல்கிறதா, இல்லை எனக்குத்தான் கணக்கு தெரியவில்லையா?

மலர்விழி_ஹோபார்ட் எழுதியது:

அண்ணா, அரசு பொய் சொல்லவில்லை. உங்களுக்கும் கணக்கு தெரியாமல் இல்லை. மகள் கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் ஹோபார்ட்டில் நிறுவனங்களுக்கு உமிழ்வுக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் வேலையில் கடைசி வரியைக் கடைசியாகத்தான் படிக்க வேண்டும் என்பார்கள்.

அந்த அறிக்கை ஐந்து அத்தியாயம். முதல் நான்கு: எரிபொருள் (உங்கள் கார், பால் லாரி, கொதிகலன்), தொழிற்சாலை வினைகள் (ரெயில்டனில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லிலிருந்தே வெளியேறும் கரியமில வாயு, பெல் பேயில் அலுமினியம் பிரிக்கும்போது கரைந்துபோகும் கரி மின்முனை), வேளாண்மை (உங்கள் ஸ்மித்டன் மாடுகள்), கழிவு (குப்பைமேடு). இந்த நான்கையும் கூட்டினால் வருவதைத்தான் பேச்சு வழக்கில் 'மொத்த உமிழ்வு' என்கிறோம். டாஸ்மேனியாவுக்கு அது ஆண்டுக்கு 80 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். மக்கள்தொகை 5.7 லட்சம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 14 டன்னுக்கு மேல் வருகிறது. இத்தனைக்கும் நம் மின்சாரம் பெரும்பாலும் அணைகளிலிருந்து வருவது. 1990-லும் இந்த மொத்தம் கிட்டத்தட்ட இதே அளவுதான். முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. உங்கள் மகள் இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஐந்தாவது அத்தியாயம் நிலமும் காடும். மாயம் நடப்பது அங்கேதான். 1990-ல் காட்டையும் சேர்த்த நிகரம் 1.7 கோடி டன்னை ஒட்டி இருந்தது. அதாவது அப்போது காடு உறிஞ்சவில்லை, உமிழ்ந்தது. மரத்தை மொட்டையாக வெட்டி, மிச்சக் கிளைகளுக்குத் தீ வைத்து, அந்தச் சாம்பலில் புது விதை தூவுவது இங்கே வழக்கம். இலையுதிர்காலத்தில் மலைக்குப் பின்னால் காளான் குடை மாதிரி எழும் புகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு நிலைமை தலைகீழானது. ஜப்பானிய வாங்குவோர் இயற்கைக் காட்டு மரச்சில்லை விட்டுத் தோட்ட மரத்துக்கு மாறினார்கள். 2011-ல் கிழக்குக் கரையின் ட்ரையபன்னா மரச்சில்லு ஆலை மூடப்பட்டது. இத்தொழிலில் மிகப் பெரிய நிறுவனமாக இருந்த கன்ஸ் 2012 செப்டம்பரில் நொடித்துப்போனது. கோடாரி ஓய்ந்தது. முன்பு வெட்டிய இடங்களில் வளர்ந்துகொண்டிருந்த இளங்காடு மட்டும் ஓயவில்லை. அதன் வளர்ச்சியைத்தான் இன்று மைனஸ் 1.2 கோடிக்கும் மேலாக எழுதிக்கொள்கிறோம். மேலே உள்ள 80 சொச்சம் லட்சத்தை அதோடு கூட்டினால் உங்கள் மைனஸ் 43.4 லட்சம் வந்துவிடும்.

யாரும் காரை நிறுத்தவில்லை, கொதிகலனை அணைக்கவில்லை. ஒரு தொழில் சரிந்ததில் கணக்கு புரண்டுவிட்டது. அதைச் சாதனை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, காடு பிழைத்தது சாதனைதான். அந்தச் சாதனையைக் காட்டி என் பெட்ரோலுக்குப் பாவமன்னிப்பு கேட்டால்தான் எரிச்சல் வருகிறது.

இன்னொன்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. 'மொத்தம்' என்ற எண்ணும் முழு உண்மை இல்லை. பெயர்தான் மொத்தம், காட்டு அத்தியாயம் முழுவதையும் அது வெளியே வைத்துவிடுகிறது. எனவே இன்றும் இயற்கைக் காட்டில் வெட்டப்படும் மரத்தின் உமிழ்வு மொத்தத்தில் வராது. நிகரத்தில் வரும், ஆனால் வளர்ச்சியோடு கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் வரும். பிரெண்டன் மேக்கி முதலிய ஆய்வாளர்கள் 2022-ல் டாஸ்மேனியாவையே எடுத்துக்காட்டாக வைத்து இதைத்தான் எழுதினார்கள்: காட்டை வெட்டாமல் விட்டதால் கிடைத்த பலன் எவ்வளவு என்பதே இந்த நிகரக் கணக்கில் தெரியாமல் போகிறது என்று. ஆகவே மகளுக்கு இரண்டு எண் போதாது. மூன்று பத்தி, அதாவது பக்கத்தில் பக்கத்தில் மூன்று நெடுவரிசை, போடச் சொல்லுங்கள்: எரிபொருள், தொழில், மாடு, குப்பை விட்டது ஒரு பத்தி, காட்டிலிருந்து வெளியேறியது ஒரு பத்தி, காடு உள்ளிழுத்தது ஒரு பத்தி. கூட்டுவது கழிப்பது பிறகு.

காட்டுத் தீ பற்றி யாராவது கேட்பார்கள். 2019 கோடையில் மின்னல் விழுந்து இங்கே சுமார் இரண்டு லட்சம் ஹெக்டேர் எரிந்ததே, அந்தப் புகை ஏன் கணக்கைக் கவிழ்க்கவில்லை என்று. மனிதர் கையில் இல்லாத பெருந்தீயையும் அதன்பின் மீளும் வளர்ச்சியையும் ஆஸ்திரேலியக் கணக்கு நீண்டகாலச் சராசரியாகச் சமன் செய்துவிடுகிறது. காடு மீண்டும் வளரும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. அந்த நம்பிக்கை பற்றிக் காட்டுக்காரர் யாராவது சொல்லட்டும்.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டேன். முப்பத்தொரு ஆண்டு வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் தீவுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, தெரியுமா? டாஸ்மேனியாவின் மாநில மலர் நீலக் கம் என்னும் யூகலிப்டஸின் பூ. அந்த மரம்தான் எங்கள் நீலகிரியின் கற்பூர மரம். 1843-ல் வெள்ளைக்கார இராணுவ அதிகாரி ஒருவர் கொண்டுவந்து ஊன்றினார். ஊட்டியில் குளிருக்கு விறகு வேண்டும், அதற்காக. அந்த இலையைக் காய்ச்சித்தான் நீலகிரித் தைலம். உங்கள் ஊர் மரம் காய்ச்சலுக்கு எங்கள் நெற்றியில் ஏறி ஒன்றரை நூற்றாண்டாகிறது. கூடவே சீகை மரமும் (வாட்டில் என்பார்கள்) அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிகரக் கணக்குக்கு மரம் என்றால் மரம்தான். எது எங்கே நிற்கிறது என்று அது கேட்பதில்லை. எங்கள் மேல் மலையில் இருந்தது புல்வெளி. பள்ளத்தாக்கில் மட்டும் சோலை. புல்வெளி மழையை வாங்கி மெதுவாகக் கசியவிடும். ஓடை கோடையிலும் ஓடும். அதில் கற்பூரத்தையும் சீகையையும் நட்டார்கள். ஓடை சுருங்கியது. ஆனால் புல்லைவிட மரத்துக்கு எடை அதிகம், எனவே கரிக் கணக்கில் லாபம்! இப்போது அந்த அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்க நீதிமன்றம்வரை போய் உத்தரவு வாங்கி, வேலை நடக்கிறது. அகற்றினால் கணக்கில் நஷ்டம், மலைக்கு லாபம். இரண்டு கணக்கும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இந்திய வன அளவைத் துறையின் வரையறையைப் படித்தால் இன்னும் சுவாரசியம். ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் மரக்கவிகை, அதாவது மரங்களின் இலைக்குடை மூடும் பரப்பு, பத்து சதவீதம் இருந்தால் அது 'வனப்பரப்பு'. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வனப்பரப்பு, முதுமலையும் வனப்பரப்பு. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அதற்கு இரண்டும் பச்சை. யானைக்கு இரண்டும் ஒன்றா என்று யானையைத்தான் கேட்க வேண்டும்.

நம் நாட்டின் எண்ணையும் போட்டுவிடுகிறேன், உங்கள் மகளுக்கு ஒப்பிட உதவும். இந்தியா 2024 டிசம்பர் இறுதியில் ஐ.நா.வுக்கு அனுப்பிய அறிக்கை 2020-ஆம் ஆண்டைப் பற்றியது. நிலமும் காடும் சேராமல் 295.9 கோடி டன், சேர்த்தால் 243.7 கோடி டன். இடையிலுள்ள 52.2 கோடி டன் காடும் மரமும் மண்ணும் உள்ளிழுத்தது. அது ஊரடங்கு ஆண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டைவிட 7.93 சதவீதம் குறைவு என்று அறிக்கையே சொல்கிறது. தலைக்கு மொத்தம் 2.1 டன் வாக்கில் வரும். உங்கள் தீவில் 14 என்றார் மலர்விழி. இங்கே இரண்டு டன் விடுகிறவன் பிளஸ், அங்கே பதினான்கு டன் விடுகிறவன் மைனஸ். நிகரத்தை மட்டும் பார்த்தால் திருவையாற்றில் சைக்கிள் மிதிக்கும் உங்கள் சித்தப்பாதான் குற்றவாளி.

கரூர்_செல்வம் எழுதியது:

எல்லாரும் நிகரத்தை ஏதோ தில்லுமுல்லு மாதிரிப் பேசுகிறீர்கள். வானத்துக்கு என்ன தெரியும்? கார் விட்ட டன்னும் ஒன்றுதான், மரம் இழுத்த டன்னும் ஒன்றுதான். மேலே போனதில் கீழே வந்ததைக் கழித்தால் மிச்சம்தானே பூமியைச் சூடாக்குகிறது? அப்படியானால் நிகரம்தானே சரியான எண்? டாஸ்மேனியாக்காரனுக்குக் காடு வாய்த்தது, அவன் அதிர்ஷ்டம். இதில் அவன் ஏன் தலை குனிய வேண்டும்?

மலர்விழி_ஹோபார்ட் எழுதியது:

செல்வம் அண்ணா, முதல் பாதியில் நீங்கள் சொல்வது சரி. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் காற்றில் என்ன சேர்ந்தது என்று கேட்டால் விடை நிகரம்தான். அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

இளங்காடு வேகமாக வளரும். முதிர முதிர ஆண்டுக்கு ஆண்டு சேர்ப்பது குறையும். சேர்த்து வைத்த கரி மரத்தில் இருக்கும், ஆனால் புதிதாக இழுப்பது சுருங்கும். மொத்தம் 80 லட்சத்திலேயே நின்றால், யாரும் ஒரு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போடாமலேயே நிகரக் கோடு மேலே ஏறும். 2022-ல் இந்த மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது: 2030 முதல் நிகரம் பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்க வேண்டும் என்று. இன்றைக்கே அதைவிடக் கீழேதானே இருக்கிறோம், பிறகு எதற்குச் சட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. காடு ஓய்வு பெறும் நாள் வரும் என்பதால்தான்.

அடுத்து, நிலத்தடியில் கிடக்கும் நிலக்கரி தானாக மேலே வராது. மரத்தில் இருக்கும் கரி வரும். தீ, வறட்சி, அல்லது விலை ஏறினால் மறுபடி கோடாரி. எடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய வங்கியில் போட்டுவிட்டு, கடன் அடைந்தது என்கிறோம்.

மூன்றாவது, அந்த எண் அசையாத கல் அல்ல. 2015-16 கணக்கை வைத்துத்தான் 2018-ல் 'நிகர பூஜ்யம் எட்டிய முதல் மாநிலம்' என்று அறிவித்தார்கள். பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது, மைனஸ் பத்தாயிரம் டன் அளவில். அடுத்த ஆண்டு அறிக்கையில் மறுபடி பிளஸ் 8.7 லட்சம். அதற்கடுத்து மைனஸ் 21.9 லட்சம். காட்டின் வளர்ச்சியைக் கணிக்கும் முறை திருந்தத் திருந்த 1990 வரை பின்னோக்கிப் போய் எல்லா ஆண்டையும் திருத்துகிறார்கள். திருத்துவது தப்பில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். எரிபொருள் பத்தியில் இந்த ஆட்டம் கிடையாது; பங்க்கில் விற்ற லிட்டர் விற்றதுதான்.

மெல்பர்ன்_இளங்கோ எழுதியது:

அதிர்ஷ்டம் என்று செல்வம் சொன்னதற்கு ஒரு பழைய கதை. 1997, உமிழ்வைக் குறைக்கும் ஒப்பந்தத்துக்கான கியோட்டோ பேச்சுவார்த்தை. வளர்ந்த நாடுகள் 1990-ஐ அடிப்படையாக வைத்துக் குறைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில், குறிப்பாகக் குயின்ஸ்லாந்தில், 1990-ல் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவது உச்சத்தில் இருந்தது. பேச்சு முடியும் நேரத்தில் ஆஸ்திரேலியா ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வைத்தது: 1990-ல் நிலமும் காடும் யாருக்கு உமிழ்வாக இருந்ததோ, அவர்கள் காடழிப்பின் உமிழ்வை அடிப்படை ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் விதி, ஏழாம் பத்தி. உலகமே அதை 'ஆஸ்திரேலிய உட்பிரிவு' என்று அழைக்கிறது. அந்தக் காடழிப்பு அதற்குள்ளாகவே குறைந்துகொண்டு வந்தது. ஆக, தொடக்கக் கோடு உயர்ந்துவிட்டது, ஓடாமலே பாதி தூரம் கடந்தாயிற்று. அதோடு நமக்குக் கிடைத்த இலக்கும் குறைப்பு இல்லை, 1990 அளவில் 108 சதவீதம்வரை போகலாம் என்பது.

இங்கே டாஸ்மேனியா பற்றி வரும் சதவீதக் குறைப்புச் செய்திகளிலும் இதே வாசனை அடிக்கும். 1990-லிருந்து 121.8 சதவீதம் குறைத்தோம் என்று 2020 கணக்கை வைத்துச் சொன்னார்கள். நூற்றுக்கு மேல் குறைப்பதா என்று சிரிக்காதீர்கள், பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போனால் அப்படித்தான் வரும். 1990-ல் காடு உமிழ்ந்தது அந்தத் தொடக்க எண்ணின் பாதிக்கு மேல் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விக்டோரியாவிலிருந்து ஒரு சின்ன வழக்கும் உண்டு. உங்கள் அணைகளில் தண்ணீர் குறையும்போது கடலடிக் கம்பி வழியாக எங்கள் பழுப்பு நிலக்கரி மின்சாரம் உங்களுக்கு வருகிறது. உமிழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் எழுத வேண்டும் என்பது விதி. விளக்கு எரிவது பர்னியில், கரி எழுதப்படுவது எங்கள் நிலக்கரி மின்நிலையங்கள் இருக்கும் லட்ரோப் பள்ளத்தாக்கில்.

பர்னி_பால்காரர் எழுதியது:

2015 டிசம்பரில் அந்தக் கம்பி அறுந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அணைகளும் வற்றிக் கிடந்தன. டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்குக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். கம்பியை ஒட்ட அடுத்த ஜூன் ஆயிற்று. இளங்கோ, அந்த டீசல் புகையாவது எங்கள் கணக்கில்தான் ஏறியிருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இது என் வேலையை வைத்துத்தான் புரிந்தது. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், அது இந்த நாட்டில் இல்லை, ஐந்து லாரிப் பாலை ஒரே பெரிய தொட்டியில் இறக்கிவிட்டுத் தொட்டியிலிருந்து மாதிரி எடுப்பார்கள். ஒரு நாள் ஒரு லாரியில் தண்ணீர் கலந்திருப்பதாக எனக்குச் சந்தேகம். பால் உறையும் வெப்பநிலையை அளந்தால் தெரிந்துவிடும். தண்ணீர் சேரச் சேர அது பூஜ்யத்தை நோக்கி ஏறும். லாரியில் தனியாக எடுத்துப் பார்க்கலாம் என்றேன். மேற்பார்வையாளர் தொட்டி மாதிரியைக் காட்டி, "வரம்புக்குள்தானே இருக்கிறது, உனக்கு என்ன?" என்றார். மற்ற நான்கு லாரியும் நல்ல கெட்டிப் பால். ஐந்தாவது தப்பித்துக்கொண்டது. அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பின் அந்த லாரிக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. தொட்டி எண் பொய் இல்லை. தொட்டியில் இருந்த பால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் எந்த லாரியைத் திருப்பி அனுப்புவது என்று தொட்டி சொல்லாது. இங்கே வந்தபிறகு லாரி லாரியாகச் சோதித்துத்தான் இறக்கவிடுகிறோம்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் மலர்விழி சொன்ன மூன்று பத்தியையும் அட்டையில் வரைந்து, மேலே 'லாரி 1, லாரி 2, லாரி 3' என்று எழுதிவிட்டாள். பள்ளியில் யாருக்கும் விளங்காது என்றேன். விளக்குவதுதானே என் வேலை என்கிறாள். காட்டுக்குள் போகும் பத்தியை அடிக்க வேண்டாம் என்றும் முடிவு செய்திருக்கிறாள். அது நல்ல பால், அதை ஏன் மறைக்க வேண்டும், மற்ற லாரிகளோடு கலக்காமல் காட்டினால் போதும் என்பது அவள் வாதம். கோத்தகிரி ஐயா, தைலமர ஊர் சம்பந்தத்தை அவள் முன்னுரையில் சேர்த்துக்கொண்டாள். தலைக்கு இரண்டு டன், பதினான்கு டன் என்ற வரியைக் கடைசிக்கு வைத்திருக்கிறாள். அவளுடைய சின்னத் தாத்தா பற்றிய பகுதியை மட்டும் நான் வெட்டச் சொன்னேன். அவர் சைக்கிளை விற்று மூன்று வருடம் ஆகிறது, ஸ்கூட்டரில்தான் போகிறார்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தால், ஒரு கேள்வி கேட்டு மறுபடி உட்கார வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் குளிருக்கு விறகு அடுப்பு. இங்கே பாதித் தெருவில் அதுதான். குளிர்காலம் முழுக்க டன் கணக்கில் விறகு வாங்கி, பிளந்து, அடுக்கி, எரிக்கிறோம். அந்தப் புகை எந்த லாரியில் வருகிறது? எரிப்பதால் முதல் பத்தியா, மரம் என்பதால் இரண்டாவதா?

மலர்விழி_ஹோபார்ட் எழுதியது:

நல்ல கேள்வி, எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம். விறகின் கரியமில வாயு முதல் பத்தியில் வராது. மரம் வெட்டப்பட்டபோதே அது காட்டின் இழப்பாக இரண்டாவதில் எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வார்கள். இரண்டு முறை எழுதக் கூடாதல்லவா? அடுப்பு சரியாக எரியாமல் வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் முதல் பத்தியில் சேரும். அதனால் உங்கள் அடுப்பின் பெரும்பகுதி 'மொத்த உமிழ்வு' என்ற எண்ணில் இல்லவே இல்லை, அண்ணா.

பர்னி_பால்காரர் எழுதியது:

படித்துக் காட்டினேன். அட்டையில் இரண்டாவது பத்தியின் அடியில் சின்னதாக ஓர் அடுப்பு வரைந்திருக்கிறாள். புகைபோக்கியிலிருந்து ஒரு மெல்லிய கோடு மட்டும் முதல் பத்திக்குப் போகிறது. பட்டிமன்றம் வியாழக்கிழமை.